உங்கம்மா கண்ணில் கோளாறு எதுவும் இல்லை

அருளு,

நான் உனக்குக் கடிதம் எழுதியதே கிடையாது. நீ ஹாஸ்டலில் இருந்தபோதும் சரி, சென்னைக்கு வேலைக்குப் போனபோதும் சரி, எழுதுவதெல்லாம் உங்கம்மாதான். கடைசியில் 'அப்பா ரொம்ப விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்' என்று ஒரு வரி சேர்ப்பாள். நான் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது நானே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் உனக்கே புரியும், சாதாரண விஷயம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். உன் பெயர், ஜெசிந்தா பெயர், ஊர், பங்கு எல்லாம் சொல்லிவிட்டு, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் படித்தார். நான் ஆம்பளைகள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தேன். முதல் ஓலையின்போது காதில் விழாத அந்த வாக்கியம் இந்த முறை விழுந்தது. கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

சுற்றி வளைக்கவில்லை. உங்கம்மா கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கம்ப்யூட்டரில் எழுதுவதை அவளாக நிறுத்தவில்லை, நான் நிறுத்தினேன். உன்னிடம் சொன்ன பொய் என்னுடையது. அந்தப் பொய்யை இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பது அவள்.

இதை நீ தெரிந்துகொள்ளாமலே போயிருந்தாலும் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவ்வளவு நாள் ஓட்டியவன் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன். எழுத வைத்தது நிச்சயதார்த்தத்தன்று விழுப்புரத்தில், ஜெசிந்தா வீட்டுக் கூடத்தில் நடந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் உங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, 'மூணு மணி' எழுதனது நீங்கதான்னு இவரு சொன்னப்போ நான் நம்பவே இல்ல. காலேஜ் ஹாஸ்டல்ல ஆறு பேரு ஒரே கம்ப்யூட்டர் முன்னால குந்திக்கினு படிப்போம். நீங்க நிறுத்தினப்போ எங்க ரூமே பேஜாராயிடுச்சி. ஏன் அத்தை நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். உங்கம்மா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "கண்ணு கொஞ்சம் மக்கர் பண்ணிச்சிம்மா" என்றாள். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆமா, ரொம்ப சிரமப்பட்டாங்க" என்றாய். நான் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த பழத்தைச் சாப்பிடவில்லை.

அதோடு போயிருந்தால்கூட எழுதியிருக்க மாட்டேன். உங்கம்மா பேச்சை மாற்றுவதற்காக, "நீயும் எதோ எழுதறியாமே?" என்று கேட்டாள். "பேஸ்புக்ல கிறுக்குவேன் அத்தை, ஸ்கூல்ல பசங்க பண்ற லூட்டியப் பத்தி" என்றாள் அந்தப் பெண். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் கொறச்சிக்குவா. ஆயிரம் பேரு படிக்கறாங்க. நாளைக்கு எவனாவது எதனா சொன்னா நமக்குத்தான தலைவலி." ஜெசிந்தா தட்டிலிருந்த பாக்கைப் பொறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். உங்கம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு பார்வை. உன் வாயிலிருந்து வந்தது என் குரல், அருளு. வார்த்தைகூட மாறவில்லை.

தொண்ணூற்று மூன்றில் காணைப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. எங்கப்பாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி முடித்த பிறகு, மண்ணுக்குள் தப்பிக் கிடப்பதைத் தோண்டிப் பொறுக்கி விற்றவன் நான். ஆறாவதோடு படிப்பு சரி. வியாபாரத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: நாம் எதைப் பார்க்கிறோம் என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. மார்க்கெட் கமிட்டியில் விவசாயிகள் கொண்டுவந்து கொட்டியிருக்கிற குவியலில் எது நல்ல குவியலோ அதன் பக்கம் நிற்கவே மாட்டேன். எதிர்க் குவியலில் நின்று கடலைக்காயை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டிருப்பேன். சீட்டில் விலை எழுதிப் போடும்போதுதான் நான் எதற்கு வந்தேன் என்று மற்றவர்களுக்குத் தெரியும். அப்படி வளர்ந்தவன் வீட்டில், நடு ஹாலில், உலகத்துக்கே ஜன்னல் திறந்து வைத்த மாதிரி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவன் நீ.

அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கம்மா பத்தாவது வரை படித்தவள். கோயில் மாதர் சங்கத்து மினிட்ஸ் நோட்டை இருபது வருஷமாக எழுதுகிறாள். யார் என்ன பேசினார்கள், யார் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார்கள், எல்லாம் அதில் இருக்கும். சாமியாரே அந்த நோட்டை வாங்கிப் படித்துச் சிரித்திருக்கிறார். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் என்று நீ ஒரு சனிக்கிழமை காட்டிக் கொடுத்தாய். அடுத்த சனிக்கிழமை நீ வருவதற்குள் அவள் ஏழு கட்டுரை எழுதியிருந்தாள். எனக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, துணி உலர்த்திவிட்டு அவள் உட்காருவது மூன்று மணிக்கு. நாலு மணிக்குக் கரண்டு போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் நீ திறந்து கொடுத்த பிளாக்குக்கு 'மூணு மணி' என்று பெயர் வைத்தாள்.

அந்தப் பக்கத்தின் கீழே வலது மூலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு நம்பர் இருக்கும். நீ வைத்தது. உங்கம்மா அதை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. காலையில் காபி டம்ளரோடு போய் அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான் கிடங்குக்குக் கிளம்புவேன். முதல் மாதம் பத்து, பதினைந்து. அதில் பாதி நீயும் உன் சிநேகிதர்களுமாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு நாற்பது. ஒரு நாள் நூற்று இருபது. மத்தியானம் சாப்பிட வந்தபோது, "நேத்து இன்னா எழுதின?" என்று கேட்டேன். "ஏங்க?" "நூத்திருவது பேரு வந்துக்கிறாங்க." "வந்தா வர்றாங்க." "பொங்கல் வருது இல்ல, அதப் பத்தி எழுது. இன்னும் வருவாங்க." அவள் குழம்புக் கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு, "நான் இன்னா லோடா அனுப்பறேன்?" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் நான் எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றில், என் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே கமிட்டியில் அன்றைக்கு எப்படிப் போயிற்று என்று தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாள். டக்கென்று ஒரே உதையில் போட்டால் அப்பளம் பொரிப்பாளாம். இரண்டு மூன்று தடவை தடவிப் போட்டால் ரசத்தோடு நிறுத்திக்கொண்டு, எதிரில் வராமல் இருந்துவிடுவாளாம். அதற்கு ஒரே நாளில் எழுநூறு பேர். கீழே யார் யாரோ, 'இன்னிக்கு அண்ணன் ஸ்டாண்டு எப்படிக்கா போட்டாரு?' என்று கேட்டிருந்தார்கள். சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. அதற்கப்புறம் நான் வண்டியைத் தெரு முனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்து சத்தமில்லாமல் நிறுத்த ஆரம்பித்தேன். ஆயிரத்தைத் தொட்ட பிறகு, சாப்பிட உட்கார்ந்தால் ஆயிரம் பேர் சுற்றி நின்று பார்ப்பது போல இருந்தது. கமிட்டியில் நடந்ததை வீட்டில் பேசுவதை நிறுத்தினேன். "இன்னாங்க, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?" என்றால், "பேசினா அதயும் எழுதுவ" என்பேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் காபியோடு அந்த மூலைக்குப் போவேன். ஏறியிருந்தால் பெருமையாகவும் இருக்கும். பெருமையும் பயமும் ஒரே சாக்கில் கிடந்தால் எந்த வாசம் எதனுடையது என்று தெரியாது.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மல்லாட்டையை மெஷினில் போட்டு உடைப்பதற்கு முன்னால் அதன்மேல் தண்ணீர் தெளிப்பது எல்லோரும் செய்வதுதான். காய்ந்த காயை அப்படியே போட்டால் ஓட்டோடு பருப்பும் நொறுங்கிவிடும். லேசாக நனைத்தால் பருப்பு முழுசாக வரும். பிறகு அந்தப் பருப்பை மறுபடியும் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் மூட்டை கட்ட வேண்டும். நான் தெளித்தது கொஞ்சம் அதிகம். காயவைத்தது கொஞ்சம் குறைவு. ஈரம் எடையில் நிற்கும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழுப்புரத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற சபாபதி அண்ணன்தான் என் பருப்பில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டிருந்தார். நம்பிக்கையான ஆள் என்று என் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதைக்கூட அவர் விட்டுவிட்டிருந்த காலம் அது.

உங்கம்மா 'பூவாளி' என்று ஒன்று எழுதினாள். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. மற்றவர்கள் பூச்செடிக்கு ஊற்றுகிற வாளியால் என் வீட்டுக்காரர் மல்லாட்டைக்கு ஊற்றுகிறார், அந்த ஈரத்தின் புழுக்க வாசம் அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்து என் சோப்புக்கும் போக மாட்டேன் என்கிறது, போதும் என்றால் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாள். துணி துவைக்கிறவள் எழுதியது. நீ அப்போது ஆபீஸ் வேலையாக ஒரிசா போயிருந்தாய், அதனால் பார்த்திருக்க மாட்டாய். நாலு நாள்தான் அது அங்கே இருந்தது. நாலு நாளில் நம்பர் எகிறியது. நான் காபி டம்ளரோடு நின்று அதைப் பார்த்து, எதற்கு எகிறுகிறது என்று படிக்காமலே கிளம்பிப் போனேன். அந்த நாலு நாளும் அவசரம். ஜல்தி ஜல்தி என்று ஓடினேன்.

நாலாம் நாள் கமிட்டியில் நுழைந்ததும் ஒருவன், "வாங்கண்ணே. ஊரெல்லாம் வெயிலு, உங்க கெடங்குல மட்டும் தெனம் மழையாமே?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புரியாமல் நானும் சிரித்தேன். பதினொரு மணிக்குச் சபாபதி அண்ணன் போன் செய்தார். "என்னா தம்பி, உங்க வூட்ல நல்லா எழுதறாங்களாமே. எம் மருமவ தெனம் படிக்குது. நேத்து சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் படிச்சிக் காட்டுச்சி" என்றார். நான், "அப்டிங்களாண்ணே" என்றேன். "பூச்செடி எதனா வச்சிக்கிறியா கெடங்குல?" என்றார். பதில் வருவதற்குள், "இந்த வாரம் லோடு வேணாம். சொல்லி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றேகால். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய், "அத எடு" என்றேன். எதை என்று என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நிமிஷத்தில் எடுத்தாள். "எடுத்துட்டேன். பாருங்க, இல்ல." "மொத்தத்தையும் நிறுத்து." "அது ஒண்ணுதானங்க தப்பு?" "எது தப்புன்னு நீ எனக்குச் சொல்லிக்கினு இருக்காத." அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பிறகு, "சரி. ஒரே ஒரு வரி எழுதிட்டு மூடிடறேன். வர்றவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவணும் இல்ல?" என்றாள். நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். மோடத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போய்விட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அணைந்துபோன கம்ப்யூட்டரின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னதைக்கூட ஒரு பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை விடாததற்கு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

ஒரு வாரம் கழித்து நீ போன் செய்து, "அம்மா ஏன் எழுதல?" என்று கேட்டாய். "கண்ணுடா. தண்ணி தண்ணியா வருது. கம்ப்யூட்டர் பாக்கக் கூடாதாம்" என்றேன். அவள் பக்கத்தில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நின்றது. பிறகு மறுபடியும் சலித்தாள். நீ பதறிப்போய் லீவு போட்டு வந்து அவளைப் பாண்டிச்சேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாய். சொட்டு மருந்து ஊற்றி, கண் மசமசவென்று ஆகி, பகல் முழுக்க அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படிக்கச் சொன்ன எழுத்தில் கடைசி வரி தெரியவில்லை என்று டாக்டரிடம் சொன்னாளே, தெரிந்தது, அருளு. எனக்காகத் தெரியவில்லை என்றாள். நீ வாங்கிக் கொடுத்த கண்ணாடியை நீ வருகிற நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வாள். நீ பஸ் ஏறியதும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள். இந்த இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். மூன்று மணிக்குப் படுத்துக்கொள்வாள். தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நிறுத்தியவன் அதோடு விட்டேனா என்றால் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அதை நடத்துகிற பெண்ணிடம் ஏதோ விலைவாசி பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்து உங்கம்மா பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அவள் எழுதாத முதல் வாரம்தான் அந்த நம்பர் இருப்பதிலேயே அதிகமாக ஏறியது. வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பூட்டின கடை வாசலில் இவ்வளவு ஜனம் நின்று நான் பார்த்ததில்லை. 'அக்கா எங்க போயிட்டீங்க', 'ஊருக்குப் போயிருக்கீங்களா', 'கோபமா' என்று கீழே வரிசையாக. பத்து நாள் கழித்து அதில் நீ எழுதியிருந்தாய், அம்மாவுக்குக் கண் சிகிச்சை நடக்கிறது, வேண்டிக்கொள்ளுங்கள் என்று. கோட்டக்குப்பத்துப் பெண் ஒருத்தி, புருஷனோடு துபாயில் இருக்கிறவளாம், ஒவ்வொரு தொழுகையிலும் உங்கள் கண்ணுக்காக துவா செய்கிறேன் அக்கா என்று எழுதியிருந்தாள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் எழுதியிருந்தாள், இப்போது தேவலையா என்று. நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் உங்கம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை இவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும். அதைக்கூட நான் கிடங்கில் பதுக்கிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன். மூன்று மாதம் சபாபதி அண்ணன் லோடு எடுக்கவில்லை. நான் விழுப்புரம் போய் மில்லில் அவரைப் பார்த்தேன். "அண்ணே, அது எங்க வூட்டுப் பொம்பள கட்டின கதை. எழுதி எழுதி அவளுக்கு எது நெஜம் எது கதைன்னே தெர்ல. கம்ப்யூட்டரையே எடுத்துட்டேன்" என்றேன். அவர், "அப்டியா சங்கதி. பொம்பளைங்களுக்கு எடம் கொடுத்தா அதான்" என்று தோளைத் தட்டி, அடுத்த வாரமே லோடு அனுப்பச் சொன்னார். அவருடைய மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் சொன்னதை அவள் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியும் எது நிஜம் என்று. அதற்குப் பிறகு நான் ஈரப் பருப்பு மூட்டை கட்டியதில்லை, அது உண்மை. பயத்தில் திருந்தினேனோ வெட்கத்தில் திருந்தினேனோ, திருந்த வைத்தது உங்கம்மா எழுத்துதான். அந்த எழுத்தைப் பொய் என்று விற்றுத்தான் நான் லோடு வாங்கினேன்.

அதனால் சொல்கிறேன். ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று நீ ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னபோது, அந்த ஆயிரத்தைத்தான் நீ பார்த்தாய், நான் பார்த்த மாதிரியே. அவள் என்ன எழுதுகிறாள் என்று ஒன்றாவது படித்தாயா? படி. அதில் உன்னைப் பற்றி ஏதாவது வந்தால், முதலில் கோபப்படாமல் அது உண்மையா என்று பார். உண்மையாக இருந்தால் உன்னைத் திருத்திக்கொள். திருத்திக்கொள்ள முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு. அவள் கையைப் பிடிக்காதே. நான் சம்பாதித்ததில் பாதிக்கு மேல் உனக்கு வரும், வாங்கிக்கொள். இந்தப் புத்தியை மட்டும் வாங்கிக்கொள்ளாதே. ஜெசிந்தாவிடம் நீ சொன்னதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாபஸ் வாங்கு. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளினால் அப்புறம் வராது. எனக்கு வரவில்லை.

இதுவரைக்கும் புதன்கிழமை எழுதியது. தபாலில் உனக்கு அனுப்புவதாகத்தான் இருந்தேன். கவரை ஒட்டுவதற்கு முன்னால் உங்கம்மாவிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியதை அவள் பார்க்காமல் அனுப்பினால், அதுவும் பழைய கதைதானே. சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கண்ணாடி இல்லாமல் முழுக்கப் படித்தாள். முடித்துவிட்டு, "சபாபதி அண்ணன் கிட்ட நான் பொய்க்காரின்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். அது அவளுக்கு அதுவரை தெரியாது. "ஆமா" என்றேன். "அந்த மருமவ இருந்திச்சா அப்போ?" "இருந்திச்சி." "அது மொத நாள்லேர்ந்து என்னப் படிச்சிக்கினு இருந்த பொண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அருளுக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. இத எம் பக்கத்துல போடுங்க" என்றாள். நான் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை, பெண் வீட்டார் படிப்பார்கள், கமிட்டியில் தலைகாட்ட முடியாது, சபாபதி அண்ணன் இனி ஒரு மூட்டைகூட எடுக்க மாட்டார். எல்லாவற்றையும் கேட்டாள். "அப்போ நான் பொய்க்காரியாவே இருக்கட்டுமா?" என்றாள். "போடலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். "நான் இன்னா பண்ணப் போறேன். கண்ணாடியப் போட்டுக்கினு கல்யாணத்துல நிக்கறேன்." நான் முப்பது வருஷமாகப் பேரம் பேசுகிறவன். சரி, போடலாம் என்று காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

இன்று சனிக்கிழமை. பஜாரில் ஒரு டேட்டா கார்டு வாங்கி வந்தேன். இரண்டு வருஷமாகியும் பாஸ்வேர்டு அவளுக்கு மறக்கவில்லை. முதலில் கீழே வந்திருந்த விசாரிப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒருமுறை சிரித்தாள், பிறகு என்னைக் கூப்பிட்டாள். என் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள்தான் இதை அடித்தாள். ஒரு வரியையும் மாற்றவில்லை. தண்ணீர் தெளித்த இடம் வந்தபோது மட்டும் நிறுத்தி, "கொஞ்சம் அதிகமா?" என்று கேட்டாள். அதை வெட்ட வேண்டாம், நீங்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும், கீழே உண்மையைச் சேருங்கள் என்றாள். சேர்க்கிறேன், நான் சொல்லச் சொல்ல அவள் அடிக்கிறாள். குவியலுக்கு ஒரு வாளி போதும், நான் மூன்று வாளி ஊற்றினேன். மூன்று சீசன் ஊற்றினேன். என் மனைவி எழுதியது முழுக்க உண்மை. மில்லில் நான் சொன்னதுதான் பொய். அவள் கண்ணுக்காக வேண்டிக்கொண்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இனிமேல் எழுதுவாயா என்று கேட்டேன். அது உங்களுக்கு எதற்கு என்றாள்.

ஆக, நீ இதை உலகத்தோடு சேர்ந்துதான் படிக்கிறாய், அருளு. உனக்குக் கோபம் வரும். வந்தால் என்னிடம் வா, ஜெசிந்தாவிடம் காட்டாதே. திங்கட்கிழமை விழுப்புரத்துக்கு லோடு சொல்லியிருக்கிறது. சபாபதி அண்ணன் லாரியைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம், அதனால் நானும் முன் சீட்டில் உட்கார்ந்து போகப்போகிறேன். மூட்டையை அவர் கண்ணெதிரில் நானே பிரிப்பேன். பிறகு அவர் இஷ்டம். கரண்டு போக இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. உங்கம்மா, "மேலேர்ந்து ஒருவாட்டி படிச்சிக் காட்டட்டுமா?" என்று கேட்கிறாள். வேண்டாம், போடு என்று சொல்லிவிட்டேன். அதையும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.